கோழியூர் அணியும் கூரையில்லாக் கனவும்

டிஎன்பிஎல் சீசன் நெருங்கினால் போதும், உறையூரில் ஒரு வசனம் தவறாமல் காதில் விழும். "இந்த வருஷம் கப்பு நமக்குத்தான் மாப்ள." நாச்சியார் கோயில் பக்கத்து டீக்கடையாக இருந்தாலும் சரி, சாலை ரோட்டு செல்போன் கடையாக இருந்தாலும் சரி, வசனம் மாறாது. அணியின் பெயர்தான் மாறிக்கொண்டே இருக்கும். 2022 வரை ரூபி திருச்சி வாரியர்ஸ், 2023இல் பால்ஸி திருச்சி, 2024இல் இருந்து திருச்சி கிராண்ட் சோழாஸ். சொந்த அணியின் பெயரை ஒரு நொடி யோசித்துத்தான் சொல்ல வேண்டும் என்ற நிலைமை வேறு எந்த ஊர் ரசிகனுக்கு வந்ததோ தெரியாது.

கப்பு வருமா வராதா என்று ஜல்லி அடிப்பதற்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடலாம். போட்டி தொடங்கியது 2016இல். 2020இல் கொரோனாவால் நடக்கவில்லை. ஆக 2025 வரை 9 சீசன். 8 அணிகள், ஆளுக்கு 7 லீக் ஆட்டம், முதல் 4 இடம் பிடித்தவர்களுக்கு அடுத்த சுற்று. அதாவது எட்டில் நாலு, சரிபாதி. ஒன்றும் தெரியாத சாதா அணியாக இருந்தாலும் 9 சீசனில் நாலைந்து தடவை உள்ளே போயிருக்க வேண்டும். திருச்சி போனது இரண்டே தடவை: 2021, 2025. ஒரு காசை 9 தடவை சுண்டினால், இரண்டு தடவையோ அதற்கும் குறைவாகவோ தலை விழ 9 சதவீதம்தான் வாய்ப்பு. காசு இதைவிட நன்றாக ஆடியிருக்கும் :-)

கோப்பை இல்லாததைப் பற்றி மட்டும் அழுபவர்கள் தப்பான இடத்தில் அழுகிறார்கள். எட்டு அணியும் சமபலம் என்று வைத்துக்கொண்டால், ஒரு அணி 9 சீசனும் கோப்பையே இல்லாமல் இருக்க 30 சதவீதம் வாய்ப்பு உண்டு (7/8ஐ ஒன்பது தடவை பெருக்கிப் பார்க்கலாம், 2022 கோப்பையை மழையால் சேப்பாக்கமும் கோவையும் பங்கு போட்டுக்கொண்ட கதையை விட்டுவிடுவோம்). அது துரதிர்ஷ்டம், அசிங்கமில்லை. முதல் நாலுக்குள்ளேயே வராதது துரதிர்ஷ்டம் என்ற பெயரில் தப்பிக்க முடியாத விஷயம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. முதல் இரண்டு இடத்தில் முடிக்கும் அணிக்கு ஒரு தோல்வி மன்னிப்பு உண்டு. மூன்றாவது, நாலாவதாக வருபவன் தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு ஆட்டமும் பாதிக்குப் பாதி என்றால் முதல் இரண்டு பேருக்குக் கோப்பை வாய்ப்பு எட்டில் மூன்று, மற்ற இருவருக்கு எட்டில் ஒன்று. மூன்று மடங்கு வித்தியாசம். 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் அந்த நீண்ட பாதையிலேயே வந்து கோப்பையைத் தூக்கியது, மறுக்க முடியாது. ஆனால் அதை நம்பி வருஷா வருஷம் பஸ் ஏற முடியாது. 2025இல் திருச்சியும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தது, முதல் ஆட்டத்திலேயே அதே திண்டுக்கல்லிடம் தோற்று வெளியே போனது.

இங்கேதான் ரசிகர்களின் செல்லக் காரணம் வரும். "நமக்கு ஹோம் கிரவுண்டு இல்லப்பா, அதான்!"

உண்மைதான், இல்லை. 2016இல் இருந்து 2025 வரை ஒரே ஒரு டிஎன்பிஎல் ஆட்டம்கூடத் திருச்சியில் நடந்ததில்லை. சேப்பாக்கம், நத்தம், சங்கர் நகர், சேலம், கோவை என்று ஊர் ஊராகப் போகும் போட்டி, மாநிலத்தின் நட்டநடுவில் இருக்கும் ஊரை மட்டும் தாண்டிப் போகிறது. ஆனால் தோல்விக்கு இதுதான் காரணம் என்பது சுத்த சால்ஜாப்பு. 2016இல் கோப்பை வாங்கிய தூத்துக்குடி அணிக்குத் தூத்துக்குடியில் மைதானம் இருந்ததா? 2018இல் மதுரை பாந்தர்ஸ் வென்றபோது மதுரையில் ஆட்டம் நடந்ததா? 2025இல் திண்டுக்கல்லை இறுதி ஆட்டத்தில் 118 ரன்னில் நசுக்கிய திருப்பூர் தமிழன்ஸ் எந்தத் திருப்பூர் மைதானத்தில் ஆடியது? எதிர்ப்பக்கம் சேலம். வாழப்பாடி அருகே 2020இல் திறந்த அருமையான மைதானம் அவர்களுக்கு இருக்கிறது. 2021இல் இருந்து 2025 வரை சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஒருமுறைகூட முதல் நாலுக்குள் வரவில்லை. மைதானம் கோப்பை வாங்கித் தராது. சேலத்துக்காரரைக் கேட்டால் கண்ணீரோடு சொல்வார்.

அப்போ என்னதான் பிரச்சினை? ஒரு அணியாக இருக்கவே இல்லை என்பதுதான். 2021இல் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில் நடந்தது. ராஹில் ஷா தலைமையில் திருச்சி இறுதி ஆட்டம் வரை போய், சேப்பாக்கம் சூப்பர் கில்லீஸிடம் 8 ரன்னில் தோற்றது. எட்டே ரன்! இரண்டு பவுண்டரி. அப்படி ஒரு அணி கையில் கிடைத்தால் மற்ற ஊர்க்காரன் பொத்திப் பொத்தி வைத்துக்கொள்வான். இங்கே 2022இல் முதல் நாலில் இடமில்லை, 2023இல் ஆடிய 7 ஆட்டத்திலும் தோல்வி. பூஜ்யம். இறுதி ஆட்டத்திலிருந்து பூஜ்யத்துக்கு இரண்டே வருஷம். அந்த 2023இல் கேப்டன் கங்கா ஸ்ரீதர் ராஜு, 2024இல் அந்தோணி தாஸ். சேப்பாக்கமோ 2019இலும் 2021இலும் அதே கௌசிக் காந்தியை வைத்துக்கொண்டே கோப்பை தூக்கியது. கோவை ஷாருக் கானை மையமாக வைத்து வருஷக்கணக்கில் அணி கட்டியது. 2023இல் முதல்முதலாக ஏலம் வந்தபோது ஒரு அணிக்கு மொத்தமே 70 லட்சம், அதில் 21.6 லட்சத்தைச் சாய் சுதர்சன் ஒருவருக்கே கொட்டியதும் கோவைதான். அந்த வருஷக் கோப்பை யாருக்குப் போனது என்று சொல்ல வேண்டியதில்லை.

திருச்சியும் பெரிய பெயர் வாங்காமல் இல்லை. 2025 ஏலத்தில் வாஷிங்டன் சுந்தரை எடுத்தார்கள். உறையூரில் ஒரே கொண்டாட்டம். சீசன் நடந்தபோது அவர் இந்திய டெஸ்ட் அணியோடு இங்கிலாந்தில் இருந்தார். ஜூன் மாதம் இந்திய அணி எங்கே இருக்கும் என்பது ராணுவ ரகசியமா என்ன?

பூஜ்யத்திலிருந்து எழ முடியாது என்று சொல்லவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் டெட்ராய்ட் லயன்ஸ் என்று ஒரு அணி 2008இல் 16 ஆட்டத்திலும் தோற்றது. தன் பிரிவின் முதலிடத்தை 2023இல்தான் பிடித்தது, அதுவும் 1993க்குப் பிறகு முதல்முறையாக. முப்பது வருஷம் அந்த ஊர்க்காரன் பொறுத்துக்கொண்டான் என்றால் அதற்குக் காரணம், பெயர் அதே பெயர், ஊர் அதே ஊர். ஜெயித்தாலும் தோற்றாலும் அவன் வீட்டு வாசலில் நடந்தது. திருச்சி ரசிகனுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

இப்போது மைதானத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கோப்பைக்கும் மைதானத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பையன்களுக்கும் மைதானத்துக்கும் இருக்கிறது. சென்னைக்கு வெளியே இருக்கும் மாவட்டத்துப் பையன்களை வெளியே கொண்டுவருவோம் என்று சொல்லித்தானே இந்தப் போட்டியையே நடத்துகிறார்கள்? உறையூரில் லெதர் பந்து வாங்கவே காசு சேர்க்கும் ஒரு பையன், தன் ஊர்ப் பெயரைச் சட்டையில் போட்டவன் பந்து வீசுவதை நேரில் பார்க்க நத்தம் வரை சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும். ஆட்டம் முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு எந்த பஸ்ஸில் திரும்புவான்? எந்த அப்பா அனுப்புவார்? டிவியில் பார்க்கட்டும் என்றால், டிவியில் பார்க்க ஐபிஎல் இருக்கிறதே, டிஎன்பிஎல் எதற்கு? மதுரைக்கு 2025 அக்டோபரில் தோனி வந்து புது மைதானம் திறந்துவைத்தார். திருச்சியில் இத்தனை கல்லூரிகள், இத்தனை பெரிய நிறுவனங்கள். ஒரு புல்தரையும் நாலு விளக்குக் கம்பமும் நிறுத்த ஆள் இல்லை.

அணிக்குக் "கிராண்ட் சோழாஸ்" என்று பெயர் வைத்ததில் இன்னொரு வேடிக்கை. ராஜராஜன் காலத்துப் பேரரசுச் சோழர்களின் தலைநகரம் தஞ்சாவூர், பிறகு கங்கைகொண்ட சோழபுரம். உறையூரில் இருந்து ஆண்டவர்கள் அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்தைய சோழர்கள். கோழி யானையை எதிர்த்து ஜெயித்த மண் என்று கோழியூர் பெயர் வாங்கிய ஊர் இது. யானை தோற்ற கதை கேட்க ஜோராக இருக்கும். அதை நம்பி ஒவ்வொரு சீசனும் ஏலத்தில் கோட்டை விட முடியுமா? அந்தக் கோழியாவது சொந்த ஊரில் சண்டை போட்டது.

சரி, அடுத்த சீசன் கதை. 2025இல் ஆடிய பையன்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டால் முதல் நாலுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதல் இரண்டுக்கு ஐந்தில் ஒன்று, அதற்கு மேல் சொல்வது பாசம். கோப்பைக்குப் பத்தில் ஒன்று. மறுபடியும் பெயர், கேப்டன், ஆள் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டால் 2023தான். உறையூர் வெக்காளியம்மன் கருவறைக்குக் கூரை கிடையாது. ஊரில் எல்லோருக்கும் வீடு வந்த பிறகுதான் தனக்குக் கூரை என்று அம்மன் சொன்னதாக ஐதீகம். வீடில்லாதவர்களின் அந்தப் பட்டியலில் 2016இல் இருந்து பதினோரு பேர் கூடுதல்.