மழைக்கு முன்னே மறையும் படம்

ஐப்பசி பிறந்து, பிற்பகல் மூன்று மணியளவில் கீழ்வானம் கறுக்கத் தொடங்கிற்றென்றால், நம்மவர் இல்லங்கள் பலவற்றிலே ஒரு முறைப்பாடு எழும். முற்றத்தில் ஒரு துளிதானும் விழுந்திராது. கொடியிற் காயும் உடுப்புக்கூட எடுக்கப்பட்டிராது. ஆயினும் தொடர்நாடகத்தின் நாயகி பேசிக்கொண்டிருக்கும்போதே சதுரஞ் சதுரமாக உடைந்து, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடுவாள். அடுத்த கணம் திரையிலே சமிக்ஞை இல்லையென்ற அறிவிப்பு மட்டும் எஞ்சும். பாட்டியார் பேரனைப் பார்ப்பார். பேரன் ரிமோட்டைப் பார்ப்பான். வீட்டுத் தலைவரோ மாதந்தோறும் தாம் கட்டும் கட்டணத்தை எண்ணிப் பெருமூச்செறிவார்.

பேரன் மீது பழியில்லை. பெரும்பாலும் கருவியின் மீதும் பழியில்லை. நிகழ்வது யாதென்பதனைச் சிறிது பார்ப்போம்.

தொலைக்காட்சி அலைகளை நமக்கு அனுப்பும் செய்மதி, பூமத்திய கோட்டிற்கு நேர் மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கின்றது. பூமி சுழலும் வேகத்திலேயே தானும் சுற்றி வருவதால் அது வானில் ஓரிடத்தில் அசையாது நிற்பதுபோலத் தோன்றுகின்றது. அவ்வளவு தூரத்தையும் கடந்து வரும் அலைக்கு நேராத இடையூறு, கடைசி ஐந்து கிலோமீற்றரிலே நேருகின்றது. நமது வெப்ப நாட்டிலே ஏறத்தாழ அந்த உயரம் வரையிலேதான் மழை நீராக இருக்கும். அதற்கு மேலே பனிக்கட்டி. பனிக்கட்டி இவ்வலைகளை அதிகம் தடுப்பதில்லை. தடுப்பது நீர்த்துளியே.

வீட்டுக் கூரைகளிற் காணப்படும் சிறிய டிஷ்கள் வாங்கும் அலையின் மீடிறன் 12 கிகாஹேட்ஸ் அளவினது. அதன் அலைநீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர். பெருமழையின் துளிகளோ நான்கைந்து மில்லிமீற்றர் குறுக்களவுடையன. அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க பருமனுள்ள பொருள் எதிர்ப்படும்போது அலை தன் வழியே செல்லமாட்டாது. ஒரு பங்கைத் துளி உறிஞ்சிக்கொள்ளும், ஒரு பங்கைத் திசைமாற்றிச் சிதறடிக்கும். மணிக்கு நூறு மில்லிமீற்றர் என்னும் வேகத்திற் கொட்டும் மழையிலே, அலை கடக்கும் ஒவ்வொரு கிலோமீற்றரிலும் அதன் வலுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். கணக்கிலே விருப்பமுள்ள மாணவர் தாமே போட்டுப் பார்க்கலாம்: மூன்று கிலோமீற்றர் கடந்ததும் இருபத்தேழில் ஒன்றுதான் மீதி. முன்னமே மெலிந்து வந்த அலை அதற்குமேல் என் செய்யும்?

இனி, மழை வருமுன்னே படம் போகும் விந்தை. டிஷ் பார்ப்பது நம் முற்றத்து மேகத்தையன்று; தான் சாய்ந்திருக்கும் திசையிலுள்ள மேகத்தை. இலங்கை பூமத்திய கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் நமக்குரிய செய்மதிகள் பல வானத்தில் வெகு உயரத்தே நிற்கின்றன. எனினும் நேர் உச்சியில் அல்ல. ஆகவே அலை வரும் பாதை, ஐந்து கிலோமீற்றர் உயரத்திலே, நம் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றர் விலகிச் செல்லும். அங்கே கருமேகம் கவிந்துவிட்டால் நம் வாசலில் வெயில் எறித்தாலும் பயனில்லை. அம்மேகம் நம் தலைமேல் வந்து கொட்டும்போது, சில வேளைகளிலே, பாதை திறந்து படம் திரும்பிவிடுவதும் உண்டு.

கார்த்திகையில் நாள் முழுவதும் விடாது பெய்யும் அடைமழையிலே படம் பெரும்பாலும் தப்பிவிடும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியோடு அரைமணி நேரம் கொட்டும் மழையிலேதான் அழியும். நனைவு கூடியது முன்னையதாயிருக்கலாம். ஆனால் அலையின் கணக்கு வேறு. ஒரு கணத்திலே பாதையில் எவ்வளவு நீர் நிற்கின்றது என்பதே அதற்கு முக்கியம்.

பழைய முறை ஒளிபரப்பிலே அலை மெலிய மெலியப் படத்தில் புள்ளிகள் தூவும். கண்ணைச் சுருக்கிக்கொண்டாவது கதையைத் தொடரலாம். இன்றைய எண்ணிலக்க முறை, வழியிற் சிதைந்த எண்களைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றலுடையது. ஆதலால் ஓர் எல்லை வரை படம் மாசு மறுவின்றி விளங்கும். எல்லையைத் தாண்டியதும் கிணற்றில் விழுந்த வாளிபோல ஒரேயடியாக மறையும். முன்னறிவிப்பு இல்லாததே மக்களைச் சினங்கொள்ளச் செய்கின்றது என்பது என் எண்ணம்.

இங்கே ஒரு பழைய செய்தி. இவ்வுயரத்திலே செய்மதிகளை நிறுத்தி உலகெங்கும் ஒலி, ஒளி பரப்பலாம் என்று 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008 இல் கொழும்பிலேயே மறைந்தவர். இத்தீவில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் தோன்றாத 1975 ஆம் ஆண்டிலே, இந்திய விண்வெளி நிறுவனத்தார் அவருடைய கொழும்பு இல்லத்தில் ஒரு வாங்கியை அமைத்துக் கொடுத்தனர். அமெரிக்காவிடமிருந்து இந்தியா ஓராண்டுக்கு இரவல் பெற்ற ஏ.ரீ.எஸ்.-6 என்னும் செய்மதியின் ஒளிபரப்பை அது வாங்கிற்று. அவ்வொளிபரப்பின் மீடிறன் 860 மெகாஹேட்ஸ். அலைநீளம் ஏறக்குறைய முப்பத்தைந்து சென்ரிமீற்றர். அத்தகைய அலைக்கு மழைத்துளி ஒரு பொருட்டேயன்று. இந்தியக் கிராமங்களிலே கோழிக்கூட்டுக் கம்பிவலையால் செய்த டிஷ்களைக் கொண்டே அதனை வாங்கினார்கள். பின்னர் வந்த 4 கிகாஹேட்ஸ் அலைக்கும் மழை பெரிதாக இடையூறு செய்வதில்லை; ஆனால் அதற்கு ஆளுயரத்தை விஞ்சும் டிஷ் வேண்டும். கூரையிலே ஒரு கையால் தூக்கி வைக்கத்தக்க சிறு டிஷ்ஷை விரும்பினோம். அதற்காகக் குறுகிய அலைக்கு வந்தோம். அதன் விலையை மாரிகாலத்திலே செலுத்துகின்றோம்.

பெரிய டிஷ் வாங்கினால் தீருமா என்று வினவுவோர் உளர். அறுபது சென்ரிமீற்றர் டிஷ்ஷை நீக்கித் தொண்ணூறு சென்ரிமீற்றர் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகும். நடுத்தர மழையை அது தாங்கும். இருபத்தேழில் ஒன்றாகக் குறைக்கும் மழைக்கு இரண்டேகால் மடங்கு எம்மாத்திரம்? இன்னொன்று: இங்கே வானம் தெளிவாயிருக்கச் சென்னையிலிருந்து வரும் ஓர் அலைவரிசை மட்டும் அற்றுப்போகுமாயின், அங்கிருந்து செய்மதிக்கு அலை ஏறும் இடத்திலே பெருமழை பெய்யக்கூடும். அங்குள்ளோர் வலுவைக் கூட்டி ஓரளவு சமாளிப்பார்கள். நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ஆனால் சிறு தூறலுக்கே படம் போகுமாயின் குறை நம் வீட்டில்தான். டிஷ்ஷின் முன்கொம்பிலுள்ள எல்.என்.பி. என்னும் கருவியின் மூடி வெடித்திருக்கலாம். கம்பிவடம் பொருந்துமிடத்தில் நீர் புகுந்து களிம்பேறியிருக்கலாம். காற்றிலே ஆணி தளர்ந்து டிஷ் ஒரு பாகை பெயர்ந்திருக்கலாம். போன ஆண்டு நட்ட முருங்கை இவ்வாண்டு பாதையை மறைப்பதும் உண்டு. நனைந்த இலை உலர்ந்த இலையினும் கெட்டியான திரை. இவற்றை வெயில் நாளிலே, தொழில் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பித்தல் நன்று.

வெயில் நாளிலே என்பதனை அழுத்திச் சொல்கின்றேன். படம் மறைந்த கணத்திலே ஏணியைச் சாத்திப் பாசி படர்ந்த ஓட்டின்மேல் ஏறும் இளைஞர் நம் ஊர்களில் அநேகர். மேலே இடி, கையிலே இரும்புத் தடி, காலின் கீழே வழுக்கும் ஓடு. திருப்பினாலும் படம் வராது என்பது மேலே கண்ட கணக்கினால் விளங்கும். பெற்றோர் இதனைத் தடுத்தேயாக வேண்டும். இடி தொலைவிற் கேட்கும்போதே மின்செருகியையும் டிஷ்ஷிலிருந்து வரும் வடத்தையும் கழற்றி வைத்தல் வேண்டும். ஆளியை மட்டும் நிறுத்துவது போதாது.

நாடகம் ஒருநாள் தவறினால் மறுநாள் கதை விளங்காமற் போவதில்லை. புயற்செய்தி தவறுவது அத்தகையதன்று. 1978 நவம்பர் 23 ஆம் நாள் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நாட்டிலே தொலைக்காட்சியே இல்லை, வானொலியே துணை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது வீடுதோறும் திரைகள் இருந்தன. ஆனால் பல மாவட்டங்களிலே மின்சாரமும் கைத்தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயின. எச்சரிக்கை மிகவும் வேண்டப்படும் வேளையும் டிஷ் கைவிடும் வேளையும் ஒன்றே. பண்பலை வானொலியின் அலைநீளம் மூன்று மீற்றர். மத்திய அலையினது நூற்றுக்கணக்கான மீற்றர். எந்தப் பெருமழையும் அவற்றை மறிக்காது. பற்றரியில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டியொன்றை, மாரிக்கு முன்னரே பற்றரி மாற்றி, வீட்டார் அனைவரும் அறிந்த இடத்தில் வைத்துக்கொள்க.

பங்குனியிலும் புரட்டாதியிலும் மேகமேயில்லாத முற்பகலிலோ நண்பகலிலோ படம் சில நிமிடங்கள் குலைவதைக் கண்டு சிலர் திகைப்பதுண்டு. அந்நாள்களிலே சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வந்து, தன் இரைச்சலால் அதன் மெல்லொலியை அமுக்கிவிடுகின்றது. அடுத்தடுத்துச் சில நாள்கள், ஏறத்தாழ அதே நேரத்திலே இது நிகழும். பின் தானாகவே நீங்கும்.