சீட்டின் கணக்கைப் பெற்றோரும் அறிக

‘சூது’ என்ற ஒற்றைச் சொல்லால் கண்டித்துவிட்டால் கடமை முடிந்ததெனப் பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். திருக்குறள் சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியுள்ளது. தருமன் நாடிழந்த கதையையும் நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். எனினும், ‘போக்கர் திறமையின் ஆட்டம்’ என்று அவர்கள் வாதிடும்போது நாம் வாயடைத்துப் போகிறோம். அந்த ஆட்டத்தை நாம் அறியாததே காரணம்.

இன்று பெரிதும் ஆடப்படும் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகக் கிடைக்கும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். இவ்வேழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் வெல்வார். இடையே நான்கு முறை பந்தயம் கட்டப்படும். ஏனையோர் அனைவரும் அஞ்சி விலகினால், வெறுஞ்சீட்டு வைத்திருப்பவரே பணத்தை அள்ளுவார்.

திறமை என்பது இங்கே பெரும்பாலும் கணக்கே. ஒரே சின்னச் சீட்டுகள் நான்கு சேர்ந்துவிட்டன. இன்னும் ஒரு சீட்டே திறக்கப்படவுள்ளது என்று கொள்வோம். காணாத 46 சீட்டுகளில் உதவக்கூடியவை 9. வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. நடுவில் 40 டொலர் கிடக்க, தொடர 20 டொலர் கேட்டால், மூன்றில் ஒரு வாய்ப்பேனும் வேண்டும். ஆசைப்பட்டுத் தொடர்பவர் நாளடைவில் இழப்பார்.

பிள்ளைகள் எண்ணிப்பாராத கணக்கு வேறொன்றுண்டு. அறுவர் தலைக்கு 100 டொலருடன் அமர்கின்றனர். மேசை நடத்துபவர் ஆட்டத்திற்குச் சராசரியாக ஒரு டொலர் கூலி எடுத்தால், 300 ஆட்டங்களில் 600 டொலரில் பாதி மறைந்துவிடும். இணையத்தில் அதற்கு ஐந்து மணி நேரம் போதும். அறுவரும் சமதிறமையுடையோராயின் நாளடைவில் அறுவரும் தோற்பர்.

ஊரில் நாம் ஆடிய 304 ஆட்டத்திற்கும் கணக்கும் நினைவாற்றலும் வேண்டும். ஆயினும் அங்கே கூட்டாளி ஒருவர் இருந்தார். மேசைக்கூலி எடுப்போர் இருக்கவில்லை.

ஒன்ராறியோவில் 2022 ஏப்பிரல் 4 முதல் தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று இணையச் சூதாட்டம் நடத்துகின்றன. 19 வயது நிரம்பியோரைச் சட்டம் தடுக்காது. வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் நம் இளைஞரின் முதற் சம்பளத்தை நம்பியிருக்கும் வேளையில், வெறும் அதட்டல் அவர்களைக் காக்காது.

ஆகவே, ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளுடன் அமருங்கள். தீக்குச்சிகளைப் பணமாக வைத்து ஆடுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குச்சியைத் தாயார் எடுத்து வைக்கட்டும். மாலையில் யாரிடம் அதிகக் குச்சிகள் உள்ளன என்று பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும்.