பூச்சிமருந்து டப்பாவுக்கு இருக்குற அக்கறை

போன வாரம் சென்னையிலேர்ந்து வந்த சொந்தக்காரத் தம்பி ஒருத்தர், எங்க திண்ணையில உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே சொன்னார்: "கிராமத்துல மாத்திரையை ஒழுங்கா சாப்பிட மாட்டாங்கண்ணே. படிப்பறிவு இல்லைல்ல, அதான் அலட்சியம்." வீட்டுக்கு வந்தவர்கிட்ட என்ன சண்டைன்னு அப்ப வாயை மூடிக்கிட்டேன். அதனால இங்க எழுதுறேன்.

எங்க அம்மாவுக்கு வயசு எழுபத்தஞ்சு தாண்டிருச்சு. சர்க்கரையும் இருக்கு, பிரஷரும் இருக்கு. கையெழுத்து போடும், அதுக்கு மேல எழுத்து தெரியாது. ஆனா மாத்திரை தெரியும். பச்சை அட்டை காலையில, சிவப்பு அட்டை ராத்திரி. ஒரு வேளை தவற விட்டதில்லை. போன வருசம் ஒரு தடவை அதே சர்க்கரை மாத்திரையை வேற கம்பெனி அட்டையில குடுத்துட்டாங்க. பச்சைக்குப் பதிலா நீலம். இது புதுசா எழுதிக் குடுத்த மாத்திரை போலன்னு நெனச்சு, மிச்சம் கிடந்த பச்சையையும் நீலத்தையும் சேர்த்தே முழுங்கியிருக்கு. ரெண்டாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, தள்ளாடி உக்காந்துருச்சு. நல்லவேளை நினைவு இருந்துச்சு. சீனித்தண்ணி குடுத்து, பைக்குல நடுவுல உக்கார வச்சு ஓடுனோம். பிழைச்சுது.

இதுல அலட்சியம் எங்க இருக்கு? குடுத்ததை எல்லாம் ஒண்ணு விடாம சாப்பிட்டதா?

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்க. இங்கிலீஷ்ல எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. கடையில நாலு மாத்திரையை வெட்டிக் குடுத்தா, கெடு தேதி கடைக்காரர் பக்கமே நின்னுரும். டாக்டருங்க மருந்துப் பேரைத் தெளிவா, முடிஞ்சா பெரிய எழுத்துல எழுதணும்னு 2016ல மருத்துவக் கவுன்சில் விதி போட்டுச்சு. நல்லதுதான். ஆனா பெரிசா எழுதுனாலும் அது இங்கிலீஷ்தானே! சில அட்டையில ஓரமா சிவப்புக் கோடு ஒண்ணு நெட்டுக்க ஓடும். டாக்டர் சொல்லாம சாப்பிடாதேன்னு அர்த்தம். எழுத்து தெரியாதவங்களுக்கும் உதவுற அடையாளம். யார் எங்களுக்குச் சொன்னா? படிச்ச உங்களுக்கே தெரியுமா?

இப்ப என் கொட்டகைக்கு வாங்க. பூச்சிமருந்து டப்பாவுல வண்ணக் கட்டம் இருக்கும். சிவப்புன்னா கடும் விஷம், கூடவே மண்டை ஓடு. அடுத்து மஞ்சள், நீலம், கடைசியா பச்சை. 1971லேயே விதி போட்டு வச்சுட்டாங்க. 1951-52 முதல் தேர்தல்ல, எழுத்து தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னு சின்னம் குடுத்தாங்க. பயிருக்கு அடிக்கிற மருந்துக்குப் படம் உண்டு, ஓட்டுக்குப் படம் உண்டு. மனுசன் முழுங்குற மாத்திரைக்கு ஒரு சூரியன், ஒரு நிலா போட முடியாதா?

"முதியோர் கல்வி குடுத்தா சரியாப் போகும்"னு சொல்வீங்க. எங்க மாவட்டத்துக்கா அதைச் சொல்றீங்க? 1991ல ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்ப அறிவொளி இயக்கம் வந்துச்சு. ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டாங்க. நானும் ராத்திரி லாந்தர் வெளிச்சத்துல பாடம் சொல்லிக் குடுத்தவன். அம்மா கையெழுத்து கத்துக்கிட்டது அங்கதான். 1992ல முழு எழுத்தறிவு மாவட்டம்னு அறிவிச்சாங்க. அப்புறம் படிக்க என்ன குடுத்தோம்? புழங்காத எழுத்து மறந்துபோச்சு. 2011 கணக்கெடுப்புல ஏழு வயசுக்கு மேல உள்ளவங்கள்ல நூத்துக்கு 77 பேருக்குத்தான் எழுத்து தெரியும்னு வந்துச்சு. எங்க ஊர்ல அந்த மிச்சம் யாருன்னு பார்த்தா, பாதிக்கு மேல எங்க அம்மா வயசுக்காரங்க. தினம் மாத்திரை முழுங்குறவங்களும் அவங்கதான். இனிமே எழுத்து கத்துக்கிட்டு அப்புறம் மாத்திரை போடுன்னு சொல்ல முடியுமா?

வழி தெரியாம இல்ல. 2021ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு பொண்ணு வீட்டுக்கு வருது. அது மாத்திரையைக் குடுத்துட்டுப் போறதில்லை. "ஆத்தா, இதை எப்பப் போடுவீங்க? நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்"னு திருப்பிக் கேக்கும். அம்மா தப்பாச் சொன்னா மறுபடி சொல்லும். ரெண்டு நிமிசம் ஆகும். நீலம், பச்சை ரெண்டும் ஒரே மாத்திரைன்னு அம்மாவுக்குப் புரிய வச்சதும் அந்தப் பொண்ணுதான். அந்த ரெண்டு நிமிசத்தை மருந்து குடுக்குற ஒவ்வொரு சன்னல்லயும் குடுங்க. அட்டை மாறினா "மாறியிருக்கு, பழசைப் போடாதீங்க"ன்னு வாயால சொல்லுங்க. மாத்திரைக் கவர்ல படம் போடுங்க. இதைத்தான் கேக்குறோம்.

உங்க அம்மா அப்பா ஊர்லதான இருக்காங்க? அடுத்த தடவை வரும்போது மாத்திரைப் பையைக் கவுத்துக் கொட்டி, ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, "இது எதுக்கு, எப்ப?"ன்னு கேளுங்க. பழசைத் தனியா எடுத்துருங்க. அதுக்கப்புறம் திண்ணையில உக்காந்து அலட்சியத்தைப் பத்திப் பேசலாம். காபி நான் போட்டுத் தர்றேன்.