பகிடிக்காரி

எங்கட பீடத்தில வருசா வருசம் ஒரு நாடக இரவு நடக்கும். போன தடவை மேடையேறின நாலு நாடகத்திலயும் ஒரு பகிடிக்காரக் கிழவி இருந்தா. நாலு கிழவியையும் நடிச்சது பெடியன்கள். சீலையைச் சுத்தி, குரலைக் கீச்செண்டு மாத்தினால் மண்டபமே கொல்லெண்டு சிரிக்கும். பெட்டையளுக்குக் கிடைச்சது அழுகிற அம்மாவும் காத்திருக்கிற காதலியும்தான். ஏன் எண்டு கேட்டதுக்கு, "பகிடி பொம்பிளைப் பிள்ளையளுக்குச் சரிவராது" எண்டு ஒரு சீனியர் அண்ணா சொன்னார். அந்த நேரம் நாங்கள் ஒண்டும் பேசாமல் வந்திட்டம். பேசியிருக்க வேணும். ஒரு பெயரைச் சொல்லியிருந்தாலே போதும்: மனோரமா.

எங்கள் வயதுக்காரருக்கு அவரைக் கிழவியாகத்தான் தெரியும். 'ஆச்சி' என்றால் எங்களுக்கு அப்பம்மா, அம்மம்மா. அவர் வளர்ந்த பள்ளத்தூர், காரைக்குடிப் பக்கம் ஆச்சி என்பது வயதைப் பார்த்துச் சொல்வதில்லை, பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் சொல். இது தெரியாமல், மனோரமா பிறக்கும்போதே நரைத்த தலையோடு பிறந்தவர் என்கிற மாதிரித்தான் சின்னனில் டிவி பார்த்தோம்.

1937 இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா 12 வயதில் நாடக மேடைக்குப் போனது கலைத்தாகத்தில் இல்லை, வீட்டு வறுமையில். மனோரமா என்ற பெயரே நாடகக்காரர் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடகக் குழுவில் 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்தார். மைக் சரியாக வேலை செய்யாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகின குரல் அது. திரையில் அவர் ஒரு சொல்லை எங்கே நிறுத்துகிறார், எங்கே இழுக்கிறார் என்று கவனித்தால் அந்த மேடை தெரியும். (அவர் முதலில் கமராவுக்கு முன்னால் நின்றது ஒரு சிங்களப் படத்தில், கதாநாயகியின் தோழியாக. சிங்களப் படங்கள் பலவற்றைத் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் எடுத்த காலம்.)

1958 இல் 'மாலையிட்ட மங்கை' படத்துக்குக் கண்ணதாசன் கூப்பிட்டது நகைச்சுவை வேடத்துக்கு. மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அது முதலில் மனசுக்குப் பிடிக்கவில்லை. கதாநாயகி என்றால் கொஞ்ச வருசம்தான், பகிடி என்றால் நெடுகலும் நிற்கலாம் என்று கவிஞர் சொன்னதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கவிஞர் சொன்னது பலித்தது. ஆனால் அந்தப் புத்திமதிக்குள்ளேயே சினிமா பெண்களை எப்படிப் பார்த்தது என்பதும் இருக்கிறது. 1963 இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகியானார். அந்தக் கதவு அதற்குப் பிறகு பெரிதாகத் திறக்கவில்லை. எம்ஜிஆர் அவரைவிட 20 வயது மூத்தவர். 60 வயதிலும் கதாநாயகன். 1989 இல் 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் மனோரமா வளர்க்கிற மகனாக வந்த கமல் அவரைவிட 17 வயதுதான் இளையவர்.

சரி, இனிப் பகிடிக்கு வருவம். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) முழுக்க நாயனமும் பரதமும். அதற்குள் நாடகக் கொம்பனிக்காரி ஜில் ஜில் ரமாமணி வந்து, இந்தச் சத்தம் உங்கட நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று அப்பாவியாகக் கேட்பார். ஒரு கேள்விதான். அவ்வளவு பெரிய வித்துவச் செருக்கு முழுக்க அதில் ஒரு நிமிசம் ஆடிப்போகும். எதிரே நிற்பது சிவாஜி என்பதையும் மறக்க வேண்டாம். ரமாமணியின் ஊரூரான வாழ்க்கை மனோரமா வாழ்ந்து பார்த்தது. அதனாலோ என்னவோ, அந்தப் பெண்ணை நாங்கள் பார்த்துச் சிரிப்பதில்லை, அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

அதே வருசம் 'பொம்மலாட்டம்' படத்தில் மெட்ராஸ் பாசையில் சொந்தக் குரலில் பாடினார். அதற்கு முதல் வருசம் 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பேச்சு. ஊருக்கு ஊர் நாக்கை மாற்றுகிற இந்த வித்தையை எங்களில் யாராவது படித்து எழுதினால் ஒரு நல்ல ஆய்வே வரும்.

எங்களைக் கூடுதலாகத் தொந்தரவு செய்தது 'நடிகன்' (1990). கலியாணம் கட்டாமலே வயது போன பேபியம்மா, கிழவர் வேசம் போட்டு வந்த சத்யராஜில் காதல் கொள்கிறார். படம் அந்தக் காதலைப் பார்த்துச் சிரிக்கச் சொல்கிறது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அவர் வெட்கப்படுகிற இடங்களில் சிரிப்பு தொண்டையில் நிற்கிறது. 53 வயதில் ஒரு பெண்ணுக்கு ஆசை வந்தால் ஏன் பகிடி? இயக்குநர் கேட்காத கேள்வியை நடிகை முகத்தால் கேட்கிறார்.

எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவில்லை. அவருக்கு எழுதின பகிடிகளில் ஒரு பெரிய பங்கு பெண்ணின் நிறத்தையும் பல்லையும் உடம்பையும் வைத்துத்தான். அவற்றை இன்றைக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கு. நடித்தவர் அவர், எழுதினது ஆம்பிளையள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேணும்.

2015 ஒக்டோபர் 10 அவர் இறந்தபோது எல்லாரும் கணக்குத்தான் சொன்னார்கள்: ஆயிரத்துக்கு மேல் படம், கின்னஸ், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தவர். கணக்கு சரிதான். 'புதிய பாதை'க்குத் தேசிய விருதும், 2002 இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. ஆனால் ஒரு நடிகையை எண்ணத் தொடங்கினால் பார்ப்பதை நிறுத்திவிடுகிறோம்.

இந்த வருச நாடகத்திலும் ஒரு மீன்காரக் கிழவி இருக்கிறா. தெரிவு வாற கிழமை. அந்தப் பாத்திரத்துக்கு நாங்கள் மூண்டு பெட்டையள் பேர் குடுத்திருக்கிறம்.