ஸ்ட்ராபெர்ரி மலையில் ஒரு பலகாரம்

கேமரன் மலைக்கு வருகை தரும் சுற்றுப்பயணிகள் ஒரு தட்டில் ஸ்கோன் ரொட்டியும் ஒரு கிண்ணத்தில் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் ஒரு கோப்பைத் தேநீரும் வைத்துக்கொண்டு மலைக்காட்சியைக் கண்டு களிப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அத்தேநீருக்குரிய கொழுந்தைத் தலைமுறை தலைமுறையாகப் பறித்தவர்கள் நம் முன்னோர். 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு இம்மலைச்சரிவுகளில் நம்மவர் வியர்வை சிந்தியுள்ளதை யாவரும் அறிவர். இன்று கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டுத் தொழிலாளர்களுடையவை. நம் குடும்பங்களில் பல காய்கறித் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் பட்டணங்களுக்கும் பெயர்ந்துவிட்டன. ஆயினும் ரிங்லெட்டிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகளுள், இம்மலையின் பழத்தைக் கொண்டு தம் கையால் ஒரு பலகாரம் செய்யத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே அஞ்சுகிறேன்.

ஆகவே, இவ்வாண்டு மலரில் பழ உதிரித் துண்டு என்னும் எளிய பலகாரத்தைப் பற்றி எழுத விழைகின்றேன். பள்ளி மலரில் சமையல் குறிப்பா என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். முழுவதையும் வாசித்த பின்னர் அவர்கள் தீர்ப்பு வழங்கட்டும்.

ஆங்கிலேயர் இதனைக் கிரம்பிள் என்பர். மாவையும் வெண்ணெயையும் சீனியையும் விரல் நுனியால் பிசிறி, அவ்வுதிரியைப் பழத்தின்மேல் தூவிச் சுட்டெடுப்பதே அதன் இலக்கணம். அடியிலும் உதிரியை அழுத்திப் பரப்பி, நடுவில் பழத்தை வைத்து, சுட்டபின் சதுரமாக வெட்டினால் அது துண்டாகிறது. பிரிட்டனில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வுணவு பெரிதும் பரவியது என்பர் உணவு வரலாற்றாசிரியர். 1940ஆம் ஆண்டு சனவரியில் அங்கு வெண்ணெய்க்கும் சீனிக்கும் பங்கீடு வந்தது. உணவுப் பங்கீடு முற்றும் நீங்க 1954ஆம் ஆண்டு ஆயிற்று. பழப் பணியாரத்திற்கு மூடியிட வேண்டிய மாவும் கொழுப்பும் இல்லாத இல்லத்தரசிகள், உள்ளதைப் பிசிறித் தூவிச் சமாளித்தனர். அதே போரின்போது மலாயாவில் நம் பாட்டன்மார் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் காத்தனர். ஆதலின் இஃது ஏதோ சீமான்களின் பண்டம் என்று எவரும் எண்ண வேண்டா. பற்றாக்குறையில் பரவிய பலகாரம் இது.

இனி அளவுகளைக் கூறுவேன். 20 செண்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்குக் கோதுமை மாவு 200 கிராம், ஓட்ஸ் 100 கிராம், சீனி 75 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 150 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. நடுவில் வைக்க ஸ்ட்ராபெர்ரி 300 கிராம், சீனி 25 கிராம், சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. சந்தைக்கு ஆகாதென்று ஒதுக்கப்படும் சிறிய, கோணலான, சற்றே கனிந்து குழைந்த பழங்களே இதற்குப் போதும். பூஞ்சணம் பிடித்தவை மட்டும் ஆகா. பழத்தைக் காம்போடு கழுவிய பின்னரே காம்பைக் கிள்ள வேண்டும். முன்னரே கிள்ளினால் பழம் நீரைக் குடித்துவிடும்.

புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்த நம் தாய்மார்களுக்கு இவ்வுதிரி புதிதன்று. வேறுபாடு ஒன்றே: அங்கே நீர், இங்கே வெண்ணெய். கோதுமை மாவில் நீர் சேர்ந்து பிசைந்தால் பசைத்தன்மை தோன்றி மாவு இழுபடும். சப்பாத்திக்கு அது தேவை. வெண்ணெயோ மாவுத் துகள்களைப் போர்த்திக்கொண்டு நீரை அண்டவிடாமல் தடுக்கிறது. அதனாலேயே பலகாரம் மொறுமொறுப்பாக உதிர்கிறது. வெண்ணெய் உருகிவிட்டால் இவ்வித்தை பலிக்காது. உள்ளங்கையை விட்டு விரல் நுனியால் பிசிறச் சொல்வதன் காரணம் இதுவே. விரல் நுனி குளிர்ந்தது. கோலாலம்பூரில் மேசைமேல் வைத்த வெண்ணெய் சற்று நேரத்தில் குழைந்துவிடும். ரிங்லெட்டின் குளிர்ந்த காலைப்பொழுதில் அது கட்டியாகவே நிற்கும். இந்த ஒரு கலையிலாவது இயற்கை நம் பக்கம் இருக்கிறது!

ஸ்ட்ராபெர்ரியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். கொய்யாவிலும் ஆப்பிளிலும் இருப்பதுபோல் குழம்பை இறுகச் செய்யும் பெக்டின் என்னும் பொருளும் இதில் குறைவு. ஆதலால் சோளமாவு கலவாவிடில் சாறு வடிந்து அடித்தட்டு சதசதத்துப் போகும். உதிரியில் மூன்றில் இரண்டு பங்கை அடியில் அழுத்தி, பழக் கலவையைப் பரப்பி, எஞ்சிய பங்கை மேலே தூவி, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறத்தாழ 40 நிமிடம், மேற்புறம் பொன்னிறமாகும்வரை சுட வேண்டும். நன்றாக ஆறிய பின்னரே வெட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு இஃதே கடினமான பாடம்.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். உதிரியின் மொத்த எடை 525 கிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கு 350 கிராம். மீதி 175 கிராம். 20 செண்டிமீட்டர்ச் சதுரத்தை 16 துண்டுகளாக்கினால் ஒவ்வொன்றும் 5 செண்டிமீட்டர்ச் சதுரம். பின்னம், எடை, பரப்பளவு, வெப்பநிலை, நேரம் ஆகிய ஐந்தும் ஒரே தட்டில் அடங்கிவிட்டன. கரும்பலகையில் எழுதிய மூன்றில் இரண்டைப் பார்த்து விழிக்கும் மாணவன், தராசின்முன் நிற்கும்போது விழிப்பதில்லை. இம்மலையில் ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் நீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதையும், பருப்பு வேகத் தாமதமாவதன் காரணத்தையும், ஓவனின் 180 பாகைக்கு அத்தகைய குறைவு நேராததையும் இதனுடன் சேர்த்தே விளக்கலாம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. அதனால் கிடைத்த மூச்சுவிடும் நேரத்தையும் மீண்டும் பயிற்சி நூல்களாலேயே நிரப்புவது எனக்கு உடன்பாடன்று.

நீரிழிவு நோய் மலிந்த சமுதாயத்தில் பிள்ளைகளுக்கு இனிப்புச் செய்யக் கற்பிப்பதா என்னும் கேள்வி நியாயமானது. இதனைத் தட்டிக்கழிக்க இயலாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களுள் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு உண்டு. நம் இனத்தவரிடையே அது மிகுதி. இருப்பினும் என் கருத்து வேறு. மேற்கூறிய தட்டில் நாம் சேர்க்கும் சீனி 100 கிராம். 16 துண்டுகளாகப் பகுத்தால், பழத்தின் இயற்கை இனிப்பு நீங்கலாக, துண்டொன்றுக்கு 6 கிராமும் சிறிதும். 1.7.2019 முதல் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள பானங்களுக்கு அரசாங்கம் கலால் வரி விதித்துள்ளது. அவ்வரம்பைத் தாண்டாத 250 மில்லிலிட்டர்ப் பெட்டி பானம் ஒன்றிலேகூட 12 கிராம் சீனி வரை இருக்கலாம். நம் துண்டுகள் இரண்டுக்கு அது சமம்! பெட்டிப் பானத்தின் சீனியைப் பிள்ளை கண்ணால் காண்பதில்லை. தராசில் தானே நிறுத்த சீனியை அவன் கண்ணால் காண்கிறான். இவ்வளவு எதற்கு என்று கேட்கிறான். அடுத்த முறை 60 கிராம் போதாதா என்று வாதிடுகிறான். இவ்வாதத்தையே நான் விரும்புகிறேன். நாளும் தின்னும் பண்டமாக இதனை நான் பரிந்துரைக்கவில்லை. மாதம் ஒருமுறை செய்தால் மிகுதி.

அவன் என்று ஆண்பாலில் எழுதியது கைப்பிழையன்று. அடுக்களை பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்னும் வேரோடியிருக்கிறது. தோட்டத் திருவிழாவில் நூற்றுக்கணக்கானோருக்கு அன்னதானம் சமைப்பவர்கள் ஆண்களே. வீட்டில் மட்டும் அவர்கள் கரண்டியைத் தொட்டால் கௌரவம் குறைந்துவிடுமாம்! வேலைக்கென்று சிங்கப்பூருக்கும் கிள்ளானுக்கும் செல்லும் இளைஞர்கள் மூன்று வேளையும் கடையில் தின்று காசையும் உடல்நலத்தையும் இழப்பதை இப்பெற்றோர்களே என்னிடம் கூறி வருந்துகின்றனர்.

ஓவன் இல்லாத வீடுகள் என்ன செய்வது? அடிகனமான பாத்திரத்தில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, உள்ளே தட்டை வைத்து மூடியும் சுடலாம். நேரம் கூடும், மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. மலாய்க்காரப் பெருமக்கள் பாஹுலு என்னும் பலகாரத்தைப் பித்தளை அச்சில் ஊற்றி, மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட முறையை முதியோர் அறிவர். பழமும் ஸ்ட்ராபெர்ரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அன்னாசியைச் சீனியிட்டு வற்றக் கிளறினால் தீபாவளிக்கு நாம் செய்யும் அன்னாசித் தார்ட்டின் சுவை இதிலும் கிட்டும். ஓட்ஸில் பாதிக்குத் தேங்காய்த் துருவல் கலந்தால் மணம் தனி. வெண்ணெய் விலை கட்டுப்படியாகாவிடில் மார்ஜரின் சேர்க்கலாம்; சுவை ஒருபடி குறையும், அவ்வளவே. அடுப்பருகில் பெரியவர் ஒருவர் நிற்பது மட்டும் கட்டாயம். சூடான தட்டை எடுப்பது பிள்ளையின் வேலையன்று.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதனை ஒரு கோரிக்கையாகவே முன்வைக்க எண்ணியுள்ளேன். ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவ மாணவியர், தவணைக்கு ஒரு சனிக்கிழமை, நால்வர் கொண்ட குழுக்களாக. அளவெடுக்கத் தராசும் வெப்பமானியும் பள்ளியில் உள்ளன. ஓவன் ஒன்றும் சதுரத் தட்டுகள் நான்கும் வேண்டும். பழத்திற்கு, தோட்டங்களில் பணிபுரியும் தந்தைமார் வழி செய்வார்கள் என்று நம்புகிறேன். ஒதுக்கிய பழமே போதும் என்பதை மட்டும் அவர்களிடம் இப்பொழுதே சொல்லி வைக்கிறேன்.