கடல் நமக்குத் தொலைவில் இல்லை

கிரெய்க் லீசன் இயக்கி 2016இல் வெளிவந்த ‘எ பிளாஸ்டிக் ஓஷன்’ என்னும் ஆவணப்படத்தை நம் குடும்பங்கள் பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்க வேண்டும். இலங்கையை ஒட்டிய கடலில் நீலத்திமிங்கலத்தைப் படம்பிடிக்கச் சென்றவர்கள், அங்கே மிதந்த பிளாஸ்டிக் குப்பையைக் கண்டு திகைக்கிறார்கள். அந்தத் திகைப்பிலிருந்தே படம் பிறக்கிறது. இறந்த கடற்பறவைக் குஞ்சுகளின் வயிற்றிலிருந்து பிளாஸ்டிக் துண்டுகளை ஆய்வாளர்கள் எடுத்து அடுக்கும் காட்சியில் கண் கலங்காதவர் அரிது.

ஆனால் கலங்கிய கண்ணைத் துடைத்தவுடன் நாம் சொல்வது என்ன? “நாம் கோவைக்காரர்கள், கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு?” என்பதுதான். இந்த வாதத்தை நாம் அடியோடு மறுக்கிறோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் நொய்யல், கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. காவிரி வங்கக்கடலை அடைகிறது. உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இந்த நொய்யலைச் சார்ந்த நீர்நிலைகளே. நாம் எறிவது அனைத்தும் கடலை எட்டிவிடுவதில்லை. ஒரு பகுதி குளத்திலும் வாய்க்காலிலுமே தங்கிவிடும். அது நமக்குச் சாதகமான செய்தியா? மேலும், ஞாயிறு காலையில் உக்கடம் மீன் சந்தையில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசும்போது மட்டும் கடல் நமக்கு அருகில் வந்துவிடுகிறதே! தூத்துக்குடிக் கடற்பகுதி மீன்களில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். நாம் எறிந்தது நம் தட்டுக்கே திரும்புகிறது.

“சாயப்பட்டறைகள் செய்த நாசத்துக்கு முன் நம் டம்ளர் எம்மாத்திரம்?” என்று சிலர் கேட்கிறார்கள். நாசம் பெரிதுதான். பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. நிலமும் கிணறும் கெட்ட உழவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கழிவுநீரை வெளியேற்றிய சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறைக்காரரிடம் கணக்குக் கேட்க நீதிமன்றம் இருந்தது. நம் வலீமா விருந்தின் கழிவுக்குக் கணக்குக் கேட்பவர் யார்? மறுமையை நம்பும் சமுதாயத்துக்கு இக்கேள்வியின் விடை தெரியாதா?

“பிளாஸ்டிக் ஹராம் என்று எங்கே வந்திருக்கிறது?” என்பது அடுத்த வாதம். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பாதையில் கிடக்கும் ஊறு தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக எண்ணினார்கள். ஒரு ‘முத்’ அளவு, அதாவது இரு கைகளிலும் அள்ளும் அளவு நீரில் ஒளுச் செய்தார்கள். கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டுக்கு மனிதரின் கைவினையே காரணம் என்பதை அர்ரூம் அத்தியாயம் (30:41) உணர்த்துகிறது. இத்தனைக்குப் பிறகும் தனி ஃபத்வா வேண்டுமா?

நாட்டின் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் பூசிய தாள் தட்டுகள், தாள் குவளைகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், உணவு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைத் தமிழக அரசு தடை செய்துள்ளது. இப்பட்டியலை நம் இஃப்தார் விரிப்போடும் திருமண மஹல் பந்தியோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்கம் வரவில்லையென்றால் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

நாம் கேட்பது மலையைப் புரட்டும் செயலன்று. நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் மட்டுமே வழங்கப்படட்டும். பள்ளிவாசலில் எவர்சில்வர் டம்ளர்கள் திரும்ப வரட்டும். பந்தியில் வாழையிலை விரியட்டும். நிக்காஹ் தேதி கேட்டு வரும் குடும்பத்திடம் ஜமாஅத் நிர்வாகம் இதை நிபந்தனையாகவே சொல்லட்டும். ரமலானுக்கு முந்தைய ஜும்ஆக்களில் ஒன்றையேனும் இதற்காக ஒதுக்குமாறு ஆலிம் பெருமக்களை வேண்டுகிறோம்.

கடலைக் காக்க ஆழ்கடலில் மூழ்குவோர் மூழ்கட்டும். நம் பங்கு உக்கடத்திலும் கரும்புக்கடையிலும் குனியமுத்தூரிலும் இருக்கிறது. இந்த அமானிதத்தைப் பாழாக்காமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.