சைக்கிள்காரர் தலையில் மட்டும் பனி கொட்டுமா?

போன வாரம் என் அக்கா மகளின் சைக்கிளைத் திண்ணையோரம் சாத்திப் பூட்டிவிட்டார்கள். மார்கழி பிறந்துவிட்டது, அதுதான் காரணம். திருச்செங்கோட்டுக்கு வெளியே ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். காலை ஆறு மணி ஷிப்ட். ஐந்து மணி தாண்டியதும் கிளம்பினால் அரை மணி நேரத்தில் மில் கேட்டில் இறங்கிவிடுவாள். சித்திரை வெயிலில் ஷிப்ட் முடித்துத் திரும்பினாள், ஐப்பசி மழையில் பிளாஸ்டிக் கவரைத் தலையில் மாட்டிக்கொண்டு போனாள், அப்போதெல்லாம் யாரும் வாய் திறக்கவில்லை. மார்கழி வந்ததும் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பனிக்காலம் முடியற வரைக்கும் சைக்கிளைத் தொடாத கண்ணு, பனி நெஞ்சுல எறங்கிச்சுன்னா சளி கட்டிக்கும், அப்பறம் ஆயுசுக்கும் போகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். அவள் அப்பாவும் சரியென்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்.

தீர்ப்புச் சொன்னவர் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார். கார்த்திகை முதல் தேதியிலிருந்து விடியும் முன்பே எழுந்து பச்சைத் தண்ணீரில் தலைக்குக் குளிக்கிறார். பொழுது சாய்ந்ததும் இன்னொரு முறை குளிக்கிறார். செருப்பில்லாமல் நடக்கிறார், தரையில் படுக்கிறார், ஈரத் தலையோடு கோயிலில் நின்று பஜனை பாடுகிறார். அன்றைக்கும் முடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத்தான் வந்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்துகொண்டு, தலை காய்ந்து, ஸ்வெட்டர் போட்டு, காதை மூடித் துணி கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிக்கிற பெண்ணுக்குச் சளி பிடிக்கும் என்று சொல்கிறார்!

அவருடைய விரதத்தை நான் மதிக்கிறேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது மாலை போடுகிறவர்தான். என் கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு மண்டலம் முழுக்க, நாளுக்கு இரண்டு முறை, குடம் குடமாகப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் வராத சளி, அரை மணி நேரம் குளிர்காற்று முகத்தில் பட்டால் மட்டும் எந்த வழியாக வருகிறது? கேட்டால், "ஐயப்பன் பார்த்துக்குவாருங்க" என்கிறார்கள். பக்தரைக் காப்பாற்றுகிற சாமி, வேலைக்குப் போகிற பெண்ணைக் கைவிட்டுவிடுவாரா? மலைக்குப் போய் வந்தவர்களில் சிலர் இருமிக்கொண்டுதான் திரும்புகிறார்கள், நானும் பார்க்கிறேன். அதுவும் குளித்த தண்ணீரால் வந்ததில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்ட வேனில் பதினைந்து பேர் ராத்திரியெல்லாம் ஒருவர் விட்ட மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு போனார்களே, அதனால் வந்தது. 'குளிர் ஆகாது' என்று அந்தக் கண்ணாடியை ஏற்றிவிட்டவரும் இதே நம்பிக்கைக்காரர்தான்.

சளி, வைரஸால் வருகிறது. ஒருவர் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் இன்னொருவருக்குப் போகிறது. இதைக் கண்டுபிடிக்க வெள்ளைக்காரர்கள் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் சாலிஸ்பரி ஊருக்குப் பக்கத்தில் 1946இல் சளியை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் நடத்தினார்கள். கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் என்பவர் அதன் முன்னோடி. விருப்பத்தோடு வந்த ஆட்களை வெந்நீரில் குளிக்க வைத்து, துவட்ட விடாமல் காற்றடிக்கிற நடையில் அரை மணி நேரம் நிறுத்தி, ஈரச் சாக்ஸோடு நடமாடவிட்டுப் பார்த்தார்கள். நடுங்கினார்கள், தவித்தார்கள், ஆனால் கதகதப்பாக இருந்தவர்களைவிட அவர்களுக்குச் சளி அதிகம் பிடிக்கவில்லை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று ஒரு தீவு உண்டு. கடல் உறைந்து, கப்பல் வராமல் அடைந்து கிடக்கும் குளிர்காலத்தில் அங்கிருந்த சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் சளி அநேகமாக இல்லாமலே போனது. வெயில் வந்து, பனிக்கட்டி விலகி, முதல் கப்பல் கரை தொட்ட பிறகுதான் ஊரெல்லாம் மூக்கைச் சிந்தியது. 1930களின் தொடக்கத்திலேயே ஆராய்ச்சிக்காரர்கள் இதை நேரில் பார்த்து எழுதிவிட்டார்கள். குளிர் உச்சத்தில் இருந்தபோது வராத சளி, ஆள் வந்தபோது வந்தது. இவ்வளவு தூரம் போகாமலே இதை நம் ஊரில் தெரிந்துகொள்ளலாம். நம் வீட்டு மாலை போட்ட சாமி, வருடா வருடம் அந்தச் சாலிஸ்பரி பரிசோதனையைத் தன் தலையிலேயே செய்து காட்டுகிறார். பார்க்கத்தான் நமக்குக் கண் இல்லை.

நம் குளிர்தான் என்ன குளிர்? சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழி விடியலில் பதினெட்டு, இருபது டிகிரி இருக்கும். பின்லாந்தில் ஔலு என்ற நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 1,200 பிள்ளைகளில் ஆயிரம் பேர் வரைக்கும், மைனஸ் 17 டிகிரியிலும், உறைபனிமேல் சைக்கிள் மிதித்து வருகிறார்கள். பெற்றவர்கள் சாவியைப் பிடுங்கி வைப்பதில்லை. நகராட்சி விடியும் முன்பே சைக்கிள் பாதையில் பனியைத் தள்ளிவிடுகிறது. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் எங்கள் ஊர் ரிக் வண்டி ஆட்களைக் கேளுங்கள். வடக்கே மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய், பத்து டிகிரிக்கும் கீழே இறங்குகிற ராத்திரியில், குழியிலிருந்து சேறும் தண்ணீரும் மேலே பீச்சியடிக்க, போர் போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் அவர்கள். தைப்பூசத்துக்கு எடப்பாடிக் காவடிக்காரர்கள் பழனிக்கு நடந்தே போய் மலைமேலேயே ஒரு ராத்திரி தங்குகிறார்கள். அது தை மாதம், திறந்தவெளி. அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பனி சைக்கிள்காரரை மட்டும் தேடிப்பிடித்து நெஞ்சில் இறங்குமா?

சைக்கிள் மிதிக்கிறவர் உடம்பு அடுப்பு மாதிரி. மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மிச்சம் முழுக்கச் சூடாகிறது. முதல் கிலோமீட்டரில் விரல் விறைக்கும், இரண்டாவதில் சரியாகிவிடும், மூன்றாவதில் ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றத் தோன்றும். மூடுபனியாக இருந்தால் புருவத்திலும் மீசையிலும் நீர் முத்துக் கட்டும், துடைத்தால் தீர்ந்தது. இழுப்பு உள்ளவரை டாக்டர் பார்த்துத் தடுத்தால் அது வேறு விஷயம். நான் பேசுவது நல்ல உடம்போடு இருக்கிற, டாக்டரைப் பார்க்காமலே தடுக்கப்படுகிற ஆயிரக்கணக்கான பேரைப் பற்றி.

இப்போது பைக்கைப் பாருங்கள். அசையாமல் உட்கார்ந்து, ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் அதே காற்றை, மூன்று பங்கு வேகமாக நெஞ்சில் வாங்கிக்கொண்டு போகிறார்கள். உடம்பில் சூடு பிறக்க வழியே இல்லை. பனிதான் பிரச்சினை என்றால் முதலில் தடுக்க வேண்டியது பைக்கை. ஆனால் என் அக்கா மகளுக்குச் சொன்ன பரிகாரம் என்ன தெரியுமா? "ஒரு ஸ்கூட்டி எடுத்துக் குடுத்துருங்க." பனி அதேதான், ரோடு அதேதான், விடிகாலை அதேதான். வண்டி மாறினால் நோய் மாறிவிடுமாம்! இங்கேதான் விஷயம் வெளியே வருகிறது. சைக்கிளில் வேலைக்குப் போவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார்கள். அதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் பாவம் அந்தப் பனியின்மேல் பழியைப் போடுகிறார்கள். கோடையில் "வெயில் மண்டையைப் பொளக்குது", ஐப்பசியில் "மழை", மார்கழியில் "பனி" என்று வருடம் முழுக்க இவர்களிடம் காரணம் இருக்கிறது. மில் சம்பளத்தில் மாதா மாதம் தவணை கட்டி, அதற்குமேல் பெட்ரோலும் போட்டு, அந்தப் பெண் கையில் என்ன மிஞ்சும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

இந்த நாட்டில்தான் 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு, யாரையும் எதிர்பார்க்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போக ஆரம்பித்தார்கள். 2001–02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லோருக்கும் விரிந்தது. என் அக்கா மகள் ஓட்டியதும் அந்தப் பள்ளிக்கூடத்துச் சைக்கிள்தான். பிளஸ் டூ முடிக்கும் வரைக்கும் விடிகாலை ஸ்பெஷல் கிளாஸுக்கு அதில்தானே போனாள்? அப்போதும் மார்கழி வந்தது, பனி பெய்தது. மார்க் வாங்கும் வரைக்கும் இறங்காத பனி, சம்பளம் வாங்க ஆரம்பித்ததும் நெஞ்சில் இறங்குகிறதா?

இன்னொரு கூத்தும் நடக்கிறது. மார்கழி பிறந்ததும் எல்லோர் செல்போனிலும் ஒரு செய்தி சுற்றுகிறது: அதிகாலையில் ஓசோன் காற்று பூமிக்கு இறங்குகிறதாம், அதனால்தான் பெண்கள் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும் என்று முன்னோர் சொன்னார்களாம், நுரையீரலுக்கு அவ்வளவு நல்லதாம். வண்டிப் புகையிலும் ஆலைப் புகையிலும் வெயில் பட்டுத்தான் நிலத்தை ஒட்டி ஓசோன் உருவாகிறது. விடிகாலையில் அது குறைவு. மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதி. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சரி, அவர்கள் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். அதே நேரம், அதே தெரு, அதே காற்று. குனிந்து கோலம் போட்டால் அது மருந்து, நிமிர்ந்து சைக்கிளில் ஏறினால் விஷம். வாசலோடு நிற்கிற பெண்ணுக்கு நல்லது செய்கிற காற்று, வாசலைத் தாண்டிப் போகிற பெண்ணுக்குக் கெட்டது செய்கிறது! இந்தச் செய்தியை எனக்கு அனுப்பியதும் மாலை போட்ட அதே உறவுக்காரர்தான்.

சளி பிடித்துவிட்டால் நடப்பது அடுத்த கொடுமை. மூக்கு ஒழுகின மறுநாளே ஊசி. கூடவே ஆன்டிபயாட்டிக் மாத்திரை. வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக்கால் ஒரு பயனும் இல்லை. ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிப்பதில்லை நம் ஜனங்கள். போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகிற சளி போகும்போது ஊசிக்குப் பேர், வரும்போது பனிக்குப் பேர்.

எங்கள் பக்கத்து உழைப்பாளிகள் நெஞ்சுக்குள் உண்மையாகவே இறங்குவது பஞ்சு. மில்லில் ப்ளோ ரூம், கார்டிங் பக்கம் போய்ப் பாருங்கள், காற்றே வெள்ளையாகப் பறக்கும். தறிப்பட்டறையில் ஒரு ஷிப்ட் நின்றவர் தலைமுடியில், இமையில், காதோரத்தில் பஞ்சு படிந்திருக்கும். அதில் ஒரு பங்கு மூக்கு வழியாக உள்ளே போகாமல் எங்கே போகும்? பருத்தித் தூசியால் வருகிற நுரையீரல் நோய்க்கு பிசினோசிஸ் என்று பேர். வார லீவு முடிந்து மறுபடி வேலைக்குப் போகிற நாளில் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் ஆரம்பம். கவனிக்காமல் விட்டு, வருடக்கணக்கில் அதே தூசியில் நின்றால் மூச்சு நிரந்தரமாகக் குறைந்து போகும். அந்த இருமலையும் 'பனிச்சளி' என்று சொல்லித்தான் வீட்டில் மிளகுக் கஷாயம் வைக்கிறார்கள். நாள் முழுக்க அடைத்த கூடத்தில் பஞ்சை மூச்சிழுத்த நுரையீரலுக்கு நல்ல காற்று கிடைக்கிற நேரமே போக வர அந்தச் சைக்கிள் பயணம்தான். அதைப் பிடுங்கிவிட்டு, மாஸ்க் எங்கே, தூசி உறிஞ்சுகிற மெஷின் ஓடுகிறதா என்று ஒருவரும் மில்காரரிடம் கேட்பதில்லை. பனிமேல் பழி போட்டால் யாருக்கும் கோபம் வராது. மில்காரரைக் கேட்டால் வேலை போகும்.

குளிர்காலத்தில் சைக்கிள்காரருக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சங்ககிரி ரோட்டில் மூடுபனி இறங்கின விடியலில், எதிரே வருகிற லாரி ஹைபீமை இறக்காமல் வந்தால் கண் இருட்டிப் போகும், ரோடு ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. அந்த ஓரத்திலும் மண் அரித்துப் பள்ளமாகக் கிடக்கும். தெருவிளக்கு ஊர் எல்லையோடு முடிந்துவிடுகிறது. முன்பெல்லாம் சைக்கிளில் டைனமோ லைட் இல்லாவிட்டால் போலீஸ் பிடித்து அபராதம் போடுவார்கள், அந்தப் பயத்திலாவது எல்லோரும் லைட் வைத்திருந்தோம். இப்போது புதுச் சைக்கிள் டைனமோவும் இல்லாமல், பின்னால் ஒரு சிவப்பு விளக்கும் இல்லாமல் கடையிலிருந்து வருகிறது. பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிற அப்பா, ஸ்கூட்டிக்குத் தவணை விசாரிக்கும் முன்னால், சில நூறு ரூபாய்க்கு முன்னும் பின்னும் இரண்டு லைட்டும், பளிச்சென்று தெரிகிற ஒரு மேல்சட்டையும் வாங்கித் தரட்டும்.

பனி கெடுக்கிற பொருள் ஒன்று நிச்சயமாக உண்டு, அது சைக்கிள். ராத்திரி ஷிப்டுக்கு வந்தவர்களின் சைக்கிள் விடிய விடிய வெட்டவெளியில் நனைகிறது. காலையில் சீட் சொதசொதவென்று இருக்கும், ரிம்மில் ஈரம் இருந்தால் பிரேக் பிடிக்காது, செயின் ஒரே மாதத்தில் துருப்பிடித்துக் கரகரக்கும். எங்கள் பக்கத்து மில் கேட்டுகளில் பைக் நிற்கத் தகரக் கொட்டகை உண்டு, மேனேஜர் காருக்குத் தனியாக ஒன்று உண்டு. சைக்கிள்களைக் காம்பவுண்டுச் சுவரோரம் புங்கமரத்தடியில் விடச் சொல்கிறார்கள். அந்தச் சுவரை ஒட்டி நாலு தகரத்தைச் சாய்த்துப் போட எவ்வளவு ஆகிவிடும்?